பதினொரு வருஷத்துக் கிருமி

கிருமி வளர்க்கிற தட்டு ஊற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் இதைப் பத்து நிமிஷ வேலை என்பார்கள். ஊற்றச் சொன்னால் பத்தில் நாலு தட்டு மேடும் பள்ளமுமாகக் கிடக்கும், இரண்டில் குமிழி நிற்கும். கடற்பாசியிலிருந்து எடுத்த கூழ் அது. அதிகச் சூட்டில் ஊற்றினால் மூடியில் வேர்க்கும். ஆறவிட்டு ஊற்றினால் கட்டி தட்டும். குடுவையைப் புறங்கையில் வைத்து, சூடு பொறுக்கிற கணம் பார்த்து, ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். எல்லாத் தட்டிலும் கூழ் நாலு மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் மறுநாள் எடுக்கிற அளவு பொய்யாகிவிடும்.

முப்பத்தோரு வருஷம் அப்படி ஊற்றியவர் ஒருவர் இருந்தார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவுகிற ஆளாக நுழைந்து, யாரும் சொல்லித்தராமல் பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் அங்கே கிருமிச் சோதனை அறைக்கே பொறுப்பாளராக உட்கார்ந்தார். கூடத்தில் எல்லோரும் அவரைத் தட்டுக்காரர் என்றார்கள். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. பட்டம் வாங்கியவர்கள் ஏழெட்டுப் பேர் அந்தக் கட்டடத்தில் இருந்தார்கள். அத்தனை பேருடைய வேலையும் கடைசியில் அவர் கையிலிருக்கும் ஸ்கேலுக்கு முன்னால் வந்து நின்றுதான் ஆக வேண்டும். அவர் பத்து என்றால் பத்து, பதினைந்து என்றால் பதினைந்து.

அங்கே செய்தது வெள்ளி மருந்து. சாப்பிடுகிற மருந்து இல்லை. நோயாளியின் உடம்புக்குள் விடுகிற மெல்லிய குழாய் இருக்கிறதே, அதன்மேல் பூசுவது. குழாய் உள்ளே போய் நாலு நாள் ஆனால் அதில் கிருமி குடியேறிவிடும். வெள்ளிக்குக் கிருமியைக் கொல்கிற குணம் உண்டு. ஆனால் சும்மா பூசினால் ஒரே நாளில் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே அதைப் பாலிமர் என்கிற பசைப்பொருளுக்குள் கட்டிப்போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும்படி செய்ய வேண்டும்.

அந்தக் கட்டிப்போடுகிற வித்தையைச் செய்தவர் முப்பத்து நாலு வயதுப் பெண். வெள்ளியம்மா என்று பெயராகிவிட்டது. வெள்ளி உப்புக் கரைசல் விரலில் பட்டால் வெளிச்சத்தில் கறுத்துப்போகும். சோப்புக்கெல்லாம் மசியாது, தோல் உரிந்தால்தான் போகும். அந்தம்மாவின் பத்து விரலும் எந்நேரமும் கருங்கறையாகத்தான் இருக்கும். வெளிச்சம் படாமல் காகிதம் சுற்றிய குடுவையில் மணிக்கணக்காகக் கலக்கி, கண்ணாடியில் ஊற்றிக் காயவைத்து, ஏடு மாதிரி உரித்து, அதில் பொட்டு அளவுக்கு வட்டத் துண்டுகள் வெட்டுவார். ஒவ்வொன்றும் ஆறு மில்லிமீட்டர். அவற்றைச் சின்ன டப்பாவில் போட்டு, அறைச் சுவரிலிருந்த சிறிய திறப்பு வழியாகத் தட்டுக்காரரிடம் தள்ளுவார். உள்ளே வர அனுமதி கிடையாது.

யாருக்குமே கிடையாது. இரண்டு கதவு, இரண்டுக்கும் நடுவில் செருப்பு மாற்றுகிற இடம். உள்ளே முகமூடி, தொப்பி, கையுறை. பேசக் கூடாது. எச்சில் தெறித்தால் தட்டு கெட்டுவிடும். அப்படியே பேசலாம் என்றாலும் யாரோடு பேசுவது? காலையில் வாட்ச்மேனோடு நாலு வார்த்தை, சாயங்காலம் வாட்ச்மேனோடு நாலு வார்த்தை. வீட்டுக்குப் போனால் அதுவும் இல்லை. மனைவி போய்ப் பதினொரு வருஷம் ஆகிவிட்டது. மகன் எங்கோ தூரத்தில் இருந்தான். வாரம் ஒருமுறை போன் செய்து, "சாப்பிட்டீங்களாப்பா" என்பான். "ஆச்சு" என்பார். "நீ?" என்பார். "ஆச்சுப்பா" என்பான். இரண்டு பேரும் சாப்பிட்டாயிற்று என்று தெரிந்ததும் பேச்சு தீர்ந்துபோகும்.

இந்த ஆளுக்குத் துணை என்று ஒன்று இருந்ததென்றால் அது கிருமிதான். சிரிக்க வேண்டாம், உள்ளதைத்தான் சொல்கிறேன்.

சோதனைக்கென்றே பெரிய கிருமிப் பண்ணையிலிருந்து சீல் வைத்த கண்ணாடிக் குப்பிகள் வரும். உள்ளே உறைந்த தூளாகக் கிருமி தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு குப்பியைத் திறந்து, எழுப்பி, வாரத்துக்கொருமுறை புதுக் கூழுக்கு மாற்றினால் அது உயிரோடு இருக்கும். ஆனால் ஐந்து முறைதான் மாற்றலாம். அதற்குமேல் அதைக் கொன்றுவிட்டுப் புதுக் குப்பி திறக்க வேண்டும். விதி அப்படி.

மனைவி இறந்த மாதம் அவர் ஒரு குப்பி திறந்திருந்தார். லீவு முடிந்து வந்து பார்த்தால், அது குளிர்பெட்டியில் அவருக்காகக் காத்திருந்தது. அந்த ஒரு மாதத்தில் அவருக்காகக் காத்திருந்தது அது ஒன்றுதான். வீட்டில் அவளுடைய சீப்பைக்கூட அவர் இன்னும் எடுத்து வைக்கவில்லை. ஐந்தாவது மாற்றம் முடிந்து அதைக் கொல்ல வேண்டிய நாள் வந்தபோது அவருக்குக் கை வரவில்லை. ஆறாவது முறை மாற்றினார். ஒன்றும் ஆகவில்லை, நன்றாகவே வளர்ந்தது. ஏழாவது முறையும் வளர்ந்தது. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டார்.

துக்கம் எப்போது பெருமையாக மாறியது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஆனால் மாறியது. ஒரே கிருமியை இத்தனை வருஷம் வேறு கிருமி கலக்காமல், சாகவிடாமல் காப்பாற்ற எந்தப் பட்டதாரியால் முடியும்? ஞாயிறும் போவார், மழையிலும் போவார். காய்ச்சலோடு ஒருநாள் வந்தபோது வாட்ச்மேன் கேட்டையே திறக்கவில்லை.

"புள்ளைக்குப் பசிக்குமேன்னு வந்துட்டீங்களாக்கும்? திரும்பிப் போய்ப் படுங்க ஐயா."

"தொற. அஞ்சு நிமிஷ வேலை."

"உங்க சொந்தப் புள்ளைக்கு இப்படி ஓடுனீங்களா?"

"அவனுக்கு அவன் அம்மா இருந்தா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்கப்புறம் பண்ணையிலிருந்து வந்த குப்பிகள் ஒன்றுகூடத் திறக்காமல் பெட்டியில் வரிசையாக நின்றன. இருபத்திரண்டு குப்பி. தணிக்கைக்கு வந்தவர்கள் பெட்டியைத் திறந்து, "ரொம்ப ஒழுங்கா வெச்சிருக்கீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள். ஓய்வு பெறுகிற நாளில் அந்தப் பெட்டியை எல்லோர் முன்னாலும் மேசையில் வைத்து, ஒரே குப்பியில் பதினொரு வருஷம் ஓட்டினேன் என்று சொல்லி, அத்தனை பேரையும் மூக்கில் விரல் வைக்கச் செய்ய வேண்டும் என்று எண்ணியிருந்தார். அதற்கு இன்னும் நாலு மாதம் இருந்தது.

அப்போதுதான் நாற்பத்தொன்று வந்தது.

வெள்ளியம்மா இரண்டு வருஷமாகச் செய்துபார்த்த கலவைகளுக்கு எண் போட்டிருந்தார். எல்லாமே தட்டுக்காரரின் தட்டில் நல்ல வளையம் காட்டின. வளையம் என்பது இதுதான்: தட்டு முழுக்கக் கிருமியைப் பூசி, நடுவில் வெள்ளித் துண்டை வைத்து, உடம்புச் சூட்டில் ஒரு இரவு விட்டால், கிருமி தட்டெங்கும் படர்ந்திருக்கும். துண்டைச் சுற்றி மட்டும் சுத்தமாக, கண்ணாடி மாதிரி இருக்கும். அந்தச் சுத்தமான வட்டம் அகலமாக இருந்தால் மருந்துக்கு வலு அதிகம். எல்லாமே நன்றாக வந்ததால், இருப்பதிலேயே வெள்ளி குறைவான கலவையைத் தேர்ந்தெடுத்தார் வெள்ளியம்மா. அதுதான் நாற்பத்தொன்று. தட்டுக்காரர் அளந்தபோது பத்தொன்பது மில்லிமீட்டர். குழாய்க் கம்பெனிக்காரர்கள் அதை வாங்கிக்கொண்டு போய் வெளியே வேறொரு கூடத்தில் சோதித்தார்கள். ஒன்பது வந்தது. துண்டே ஆறு என்றால் ஒன்பது எந்த மூலைக்கு?

"அவனுங்களுக்குத் தட்டு ஊத்தத் தெரியல" என்றார் தட்டுக்காரர், சுவர்த் திறப்பு வழியாக. "மெஷின்ல ஊத்துவானுங்க. நான் ஊத்துற தட்டுல ஒரு குறை சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

"உங்க தட்டுல குறை இல்லைங்க ஐயா" என்றார் வெள்ளியம்மா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. "என்கிட்டதான் ஏதோ தப்பு. வெள்ளி ஒரே சீரா கலக்கலையோ என்னவோ. உங்களுக்குக் குடுத்தது நல்ல பக்கம், அவங்களுக்குப் போனது மோசமான பக்கம்னு நெனைக்கிறேன்."

மூன்று வாரம் அந்தம்மா நாற்பத்தொன்றைத் திரும்பத் திரும்பச் செய்தார். ஒவ்வொரு முறையும் உள்ளே பத்தொன்பது, வெளியே ஒன்பது. வெள்ளிக்கிழமையோடு இந்த வேலையை மூடிவிடப்போவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். வேலையை மூடினால் அந்தம்மாவுக்கு அங்கே நாற்காலி கிடையாது. திங்கட்கிழமை காலையில் டப்பா திறப்பு வழியாக வந்தபோது, கூடவே அந்த விரல்களும் உள்ளே தெரிந்தன. கறை மணிக்கட்டுவரை ஏறியிருந்தது. கையுறை போட்டால் விரல் நுனிக்கு உணர்வு வராது என்று வெறுங்கையால் உரித்துப் பார்த்திருக்கிறார். நுனியில் இரண்டு இடத்தில் தோல் வெடித்திருந்தது.

"கைக்கு என்னம்மா?"

"ஒண்ணும் இல்லைங்க ஐயா. கை பேச்சக் கேக்க மாட்டேங்குது."

தட்டுக்காரருக்கு அந்த வெளிக்கூடத்தார்மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண்ணை இந்தப் பாடு படுத்துகிறார்களே, இவர்களை ஒரு கை பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தார். எப்படிப் பார்ப்பது? அவர்கள் செய்ததை அச்சு அசலாக அவரும் செய்து, அவர்கள் எங்கே கோட்டை விட்டார்கள் என்று காட்ட வேண்டும். அவர்கள் புதுக் குப்பி திறந்திருப்பார்கள். சரி, நாமும் ஒன்று திறப்போம் என்று இருபத்திரண்டில் ஒன்றை எடுத்து, அன்றைக்கே கழுத்தை உடைத்தார். ஒரு நாள் எழுப்பி, மறுநாள் வளர்த்து, புதன்கிழமை இரண்டு தட்டு ஊற்றினார். ஒரே குடுவைக் கூழ், ஒரே கனம், ஒரே நாற்பத்தொன்று. ஒரு தட்டில் தன்னுடைய கிருமி, மற்றதில் புதியது.

வியாழக்கிழமை காலையில் சூட்டுப்பெட்டியைத் திறந்தார். அளப்பதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துபோயிற்று.

புதியது பொன்னிறமாக இருந்தது. தட்டு முழுக்க நெய் தடவினாற்போல, தடித்துக் கொழுத்து, துண்டின் விளிம்புவரை ஏறி வந்திருந்தது. அவருடையது வெளுத்துப்போய், பொடிப்பொடியாக, தட்டில் லேசாகப் பால் தெளித்தது போலிருந்தது. ஆரம்பத்தில் அதுவும் பொன்னிறமாகத்தான் இருந்தது. இந்தக் கிருமிக்குப் பெயரே அந்த நிறத்தை வைத்துத்தான். வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்ததை அவர் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வெளுக்க வெளுக்க, சுத்தமாகிறது என்று நினைத்தார்.

ஸ்கேலை வைத்தார். பழையது பத்தொன்பது. புதியது ஒன்பது.

பதினொரு வருஷம் எதிரியே இல்லாமல், வாராவாரம் தட்டு தேடி வந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு, அது நோஞ்சானாகப் போயிருந்தது. எந்த மருந்தைக் காட்டினாலும் சாகும். வெள்ளியம்மாவின் நாற்பத்தொரு கலவைக்கும் அது செத்தது. அதனால்தான் எல்லாமே நல்லது என்று வந்தது. அதனால்தான் அந்தம்மா இருப்பதிலேயே வலு குறைந்ததைப் பொறுக்கி எடுத்தார்.

தட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். முகமூடிக்குள் அவருடைய மூச்சே அவருக்குச் சூடாக அடித்தது.

ஒரு வழி இருந்தது. பழைய கிருமியைச் சத்தமில்லாமல் கொன்றுவிட்டு, புதியதை அந்த இடத்தில் வைத்துவிடலாம். நாளைக்கு எல்லாத் தட்டிலும் ஒன்பது வரும். கடைசியில் உள்ளேயும் வெளியேயும் ஒரே அளவு வந்துவிட்டது, மருந்துதான் சரியில்லை என்று முடிந்துவிடும். பதிவேட்டில் 'மாற்றப்பட்டது' என்று தேதி போட்டிருந்தாரே தவிர, எத்தனையாவது முறை என்று எழுதவில்லை. யாரும் கேட்டதும் இல்லை. அவரை யார் கேட்பது? நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் மாலை மரியாதையோடு வெளியே போகலாம். ஏழாம் வகுப்பிலிருந்து கட்டியெழுப்பிய பெயர் அப்படியே நிற்கும். அந்தம்மா மட்டும் தன் கையைத் தானே பழித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு காரியம் செய்தார். இரண்டு தட்டையும் மூடியோடு டேப் போட்டு ஒட்டி, அறையை விட்டு வெளியே எடுத்துக்கொண்டு வந்தார். முப்பத்தோரு வருஷத்தில், கிருமி வளர்ந்த தட்டு ஒன்று அந்த அறைக்கு வெளியே வந்தது அதுவே முதல்முறை.

வெள்ளியம்மா அவரைத் தன் மேசைக்கு முன்னால் பார்த்ததும் எழுந்துவிட்டார். முகமூடி இல்லாமல் அவரைப் பார்த்து எத்தனை நாளோ.

"உக்காருங்கம்மா. உங்க கை மேல தப்பு இல்ல. இதப் பாருங்க."

பார்த்தார். படித்தவர் இல்லையா, விளக்க வேண்டியிருக்கவில்லை. பொன்னிறத்தையும் வெளுப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"இந்தப் பழசு எத்தனாவது மாத்தல் ஐயா?"

"ஐந்நூறுக்கு மேல இருக்கும்."

"எத்தனை வருஷம்?"

"பதினொண்ணு."

வெள்ளியம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "மூணு வாரமா நான் தூங்கல ஐயா" என்றார். "என் கையச் சந்தேகப்பட்டேன், தராசைச் சந்தேகப்பட்டேன், தண்ணியச் சந்தேகப்பட்டேன். உங்களச் சந்தேகப்படணும்னு தோணவே இல்ல."

"அதான்மா" என்றார் தட்டுக்காரர். "எனக்கும் தோணல."

"ஏன் ஐயா, அத மாத்தாம வெச்சிருந்தீங்க?"

"மேனேஜர் இருக்காரா?" என்று மட்டும் கேட்டார்.

மேனேஜர் ஒரு தரம் கேட்டார், நம்பவில்லை. மறுபடியும் கேட்டார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"நீங்களே வந்து சொல்லலைன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது, இல்ல?"

"தெரிஞ்சிருக்காது."

"பதினொரு வருஷத்து அளவு அத்தனையும் மறுபடி பாக்கணும் ஐயா. வெளிய போனதுக்கெல்லாம் கடிதம் எழுதணும். என் தலைக்குக் கத்தி வந்தாலும் வரும்."

"எழுதுங்க. என் பேரப் போட்டே எழுதுங்க."

நாற்பத்தொரு கலவையையும் புதுக் கிருமியில் மறுபடி சோதிக்க வெள்ளியம்மாவுக்கு மூன்று மாதம் கிடைத்தது. நாற்காலி தப்பித்தது. தட்டுக்காரர் இனிமேல் ஊற்றலாம், ஆனால் அளந்து கையெழுத்துப் போடக் கூடாது என்று முடிவாயிற்று. அதை மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இன்னைக்கு வீட்டுக்குப் போங்க ஐயா, திங்கக்கிழமை வாங்க."

போவதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. அதை வேறொருவர் செய்ய அவர் விடவில்லை. அறைக்குள் போய், குளிர்பெட்டியிலிருந்த பழைய தட்டுகளையும் குழாய்களையும் ஒன்று விடாமல் எடுத்து, தடித்த பையில் போட்டுக் கட்டினார். மூலையில் நீராவிப் பெட்டி இருந்தது. பெரிய குக்கர் மாதிரி, மூடியில் ஆறு திருகு. பையை உள்ளே இறக்கி, எதிரெதிர்த் திருகாகப் பார்த்து முறுக்கினார். முள் ஏறிற்று. நூற்று இருபத்தொரு டிகிரியைத் தொட்டதும் நேரம் வைத்தார். இருபது நிமிஷம். மற்ற நாளில் இந்த இருபது நிமிஷத்தில் பாட்டில் துடைப்பார், பஞ்சு சுற்றுவார். அன்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, முள்ளைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அப்போது அங்கே எச்சில் படும்படி திறந்த தட்டு எதுவும் இல்லை. பேசலாம்.

நேரம் முடிந்து நீராவியைத் திறந்துவிட்டபோது, வெந்த கூழின் வாடை அறையெல்லாம் பரவியது. பையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, கையைக் கழுவினார். பதிவேட்டில் தேதி போட்டு, 'அழிக்கப்பட்டது' என்று எழுதினார். கையெழுத்துப் போடலாமா கூடாதா என்று யோசித்தார். இது அளவு இல்லையே என்று போட்டார்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி இரண்டுகூட ஆகவில்லை. அவர் குடியிருந்தது மாடியில். கீழே ஒரு டெய்லர் கடை. காலையில் கடை திறக்குமுன் போய், அது மூடியபின் வருகிறவர், இந்த வெயிலில் படியேறுவதைப் பார்த்து டெய்லர் மெஷினை நிறுத்தினார்.

"என்னங்க, இந்த நேரத்துல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு என்ன. எங்க ஆபீஸ்ல இன்னைக்கு ஒரு பெரிய தப்பக் கண்டுபிடிச்சேன். பதினொரு வருஷமா ஒருத்தர் கண்ணுலயும் படாத தப்பு. படிச்சவங்க அத்தனை பேர் இருந்தும் நான்தான் கண்டுபிடிச்சேன்."

"அடேங்கப்பா. யாரு பண்ண தப்பு?"

"அதுவும் நான்தான்."

டெய்லர் சிரிக்கலாமா என்று முகத்தைப் பார்த்தார். தெரியவில்லை. பக்கத்திலிருந்த முக்காலியில் குவிந்துகிடந்த துணிகளைக் கீழே தள்ளிவிட்டு, "கொஞ்சம் உக்காந்துட்டுப் போங்க" என்றார். அத்தனை வருஷம் அந்தக் கடையைத் தாண்டித்தான் மாடிக்குப் போயிருக்கிறார், ஒருநாளும் உள்ளே காலெடுத்து வைத்ததில்லை. படியில் ஒரு காலும் கீழே ஒரு காலுமாகச் சற்று நின்றார். மேலே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியும்.

"உங்க வேலை கெட்டுரும்" என்றார்.

"இது சட்டைக் கை. பேசிக்கிட்டே தைக்கலாம்."

தட்டுக்காரர் இறங்கி வந்து முக்காலியில் உட்கார்ந்தார். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. டெய்லர் ஒரு கையைத் தைத்து முடித்து, அடுத்த கையை எடுத்தார்.